பத்து மணிக்கு வர வேண்டிய மந்திரி

அமைச்சர் எந்த நேரத்தில் வந்து சேருகிறாரோ, அந்த நேரமே நிகழ்ச்சி நிரலில் குறிக்கப்பட்ட நேரம் என்று கொள்ள வேண்டும். இந்த விதி எந்தக் கையேட்டிலும் அச்சாகவில்லை. ஆனாலும் தாசில்தார் முதல் மைக் செட் கட்டுபவர் வரை, மாலை தொடுப்பவர் முதல் சோடா விற்பவர் வரை, மதுரை வட்டாரத்தில் அதை அறியாதவர் அந்தக் காலத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் ராணுவத்தில் பதிமூன்று வருடம் விதிகளைப் படித்தவர். படித்ததைப் பிறருக்கு வகுப்பெடுத்தவர். எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை அடிக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர். அச்சில் இல்லாத விதியைச் சொல்ல ஒருவர் முன்வந்தபோது, அவர் காது கொடுக்கவில்லை.

அவர் நான்தான்.

ராணுவம் என்றதும் பனிமலையையும் பீரங்கியையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நான் இருந்தது சண்டை போடுகிறவர்களுக்கு மாவும் பருப்பும் மண்ணெண்ணெயும் அனுப்பி வைக்கும் பிரிவு. துப்பாக்கியை விட ரப்பர் முத்திரையை அதிகம் பிடித்த கை என்னுடையது. மேஜர் பதவியோடு எழுபதுகளின் நடுவில் விலகி, சமணர் மலைக்கு மேற்கே, கீழக்குயில்குடியைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊருக்கு விவசாயம் பார்க்க வந்தேன். என் மனைவி வசந்தா வண்டியூர் தெப்பக்குளத்தின் மேலக்கரையில் பிறந்து வளர்ந்தவள். "ஊருக்குப் போய் நிலத்தைப் பார்க்கப் போகிறேன்" என்று சொன்னபோது, "நீங்க நிலத்தைப் பாருங்க. உங்களைப் பார்க்க ஒரு ஆள் வேணுமே, நான் வர்றேன்" என்று பெட்டி கட்டினாள்.

நிலத்தை நான் ராணுவ முறைப்படி பார்த்தேன். வயல்களுக்கு எண் பலகை நட்டேன். உழவு மாடுகளுக்கு வருகைப் பதிவேடு வைத்தேன். (செவலைக் காளை முதல் வருடம் பதினொரு நாள் மருத்துவ விடுப்பில் இருந்தது. பதிவேடு இன்னும் பீரோவில் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம்.) இப்படிப் பத்து வருடம் ஓடியபின், எண்பதுகளின் நடுவில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. மேலத்தெரு நிறுத்திய ஆளைக் கீழத்தெரு ஏற்கவில்லை. கீழத்தெரு நிறுத்திய ஆளை மேலத்தெரு ஏற்கவில்லை. யாரோடும் பகை இல்லாத ஒருவரைத் தேடினார்கள். எனக்கு ஊரில் பகை இல்லாததற்குக் காரணம், பகை வளர்க்க வேண்டிய வயதில் நான் ஊரில் இல்லாததுதான். அதையே தகுதியாகக் கொண்டு என்னைத் தலைவராக்கிவிட்டார்கள்.

துணைத் தலைவர் பெரியகருப்பன். முறைக்கு எனக்கு மாமா. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. அரசியல் அப்போதுதான் தொடங்கியது என்று அவரே சொல்வார். பஞ்சாயத்து எழுத்தர் சோலைமலை. சொன்னதைச் சொன்னபடி செய்வார், ஒரு எழுத்துக் கூட்டாமல், ஒரு எழுத்துக் குறைக்காமல். அந்தக் குணத்தை நான் மிகவும் மெச்சி வந்தேன். பிறகு மெச்சுவதை நிறுத்திக்கொண்டேன்.

ஊருக்கு ஒரே ஒரு வேலைதான் ஆக வேண்டியிருந்தது. கண்மாய் மடை. பலகை உளுத்து, கல் பெயர்ந்து, அடைத்தாலும் திறந்தாலும் ஒரே மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. ஐப்பசியில் கண்மாய் பெருகும். தை பிறப்பதற்குள் தண்ணீர் தானாகவே போய்விடும். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் கடைசி வயல்கள் காயும். மூன்று வருடமாகக் கீழத்தெருவில் நெல் பதராகிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியில் இருந்த முக்கால் ஏக்கர் ஒச்சம்மாவுடையது. புருஷனை இழந்து, தனி ஆளாக உழைத்துக்கொண்டிருந்தவர். நான் தலைவரான அன்று எல்லோரும் எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். ஒச்சம்மா ஒரு கைப்பிடி பதரைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

"மேசரு, மடை வந்தா எனக்கு நெல்லு. வரலேண்டா மாட்டுக்கு வைக்கோலு. அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் நான் கேக்கல" என்றார்.

கண்மாய்களைப் பார்த்துக்கொள்ளும் துறைக்கு (பெயர் வேண்டாம்) நான் எழுதாத கடிதம் இல்லை. உரிய வழியில், மூன்று படிகளில், பத்திக்கு எண் போட்டு, இணைப்புகளோடு எழுதினேன். பதிலே இல்லை. அப்போதுதான் யூனியன் ஆபீஸிலிருந்து பி.டி.ஓ. ஆள் அனுப்பினார். அந்தத் துறையின் அமைச்சரே பரவையில் ஒரு கட்டடத்தைத் திறந்து வைத்துவிட்டு எங்கள் வழியாகப் போகிறார். கண்மாய்க் கரையில் பத்து நிமிடம் நிற்கச் சம்மதித்திருக்கிறார். ஆவணி பன்னிரண்டு. காலை பத்து மணி.

அந்தப் பத்து நிமிடத்தின் மதிப்பு அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். மனுவை அமைச்சர் கையில் நேரே கொடுக்க வேண்டும். அவர் மனுவின் தலையில் பச்சை மையில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் இரண்டு வருடம் அசையாத கோப்பு இரண்டு வாரத்தில் ஓடும். மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மடை கட்டப் போதும்.

நான் வேலையில் இறங்கினேன். 'வரவேற்பு: செயலாணை எண் ஒன்று' என்று தலைப்பிட்டு நான்கு பக்கம் எழுதிப் பஞ்சாயத்து ஆபீஸ் கதவில் ஒட்டினேன். கரையின் வலப்பக்கம் ஆண்கள், உயரவாரியாக. இடப்பக்கம் பெண்கள், குலவை போட. பின்னால் மேளம். நடுவில் பந்தல், நாற்காலி, நான். கூட்டத்தை இயக்க விசில் குறிப்பு: நீளமாக ஒன்று ஊதினால் அசையாமல் நிற்க வேண்டும், சிறியதாக இரண்டு ஊதினால் பெண்கள் குலவை போட வேண்டும், மூன்று ஊதினால் கலைந்துவிட வேண்டும்.

இதைக் கேட்ட ஒச்சம்மா முதல் ஒத்திகையிலேயே இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஏய்யா, விசிலு ஊதுனா குலவை வருமா? அது என்ன பஸ்ஸா? மனசு நெறைஞ்சா தானா வரணும்யா."

"மனசு நிறைஞ்சதும் நான் ஊதுறேன்மா" என்றேன்.

"ஒங்க மனசு நெறைஞ்சா நீங்க போடுங்க குலவை" என்றார். பெண்கள் சிரித்ததில் அந்த ஒத்திகை அத்தோடு முடிந்தது.

இரண்டாவது ஒத்திகையில் அமைச்சராக நடிக்கப் பெரியகருப்பன் மாமா முன்வந்தார். எங்கிருந்தோ ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு, மாட்டு வண்டியிலிருந்து கும்பிட்டபடி இறங்கினார். நான் மனுவை நீட்டினேன். அவர் அதைப் படிக்கவே இல்லை. "ஒரு மடை போதுமாப்பா?" என்று கூட்டத்தைக் கேட்டார். "போதாது!" என்று கத்தினார்கள். "மூணு வச்சுக்கங்க. ஒரு ரோடும் போட்டுத் தாரேன்" என்றார். மூன்றாவது ஒத்திகையில் ஊருக்கு ஒரு ஆஸ்பத்திரியும் கிடைத்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று ஒத்திகைக்குள் ஊர் பயிற்சி பெற்றுவிட்டது. ஒன்று ஊதினால் நின்றார்கள். இரண்டு ஊதினால் குலவை எழுந்தது. மூன்று ஊதினால் கண் மூடித் திறப்பதற்குள் கரை காலி. சம்பளம் வாங்கிய படைப்பிரிவுகளில்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை.

ஆவணி பன்னிரண்டு வந்தது. ஒன்பதரைக்கு எல்லோரும் அவரவர் இடத்தில். நான் நீலக் கோட்டு, பதக்கங்கள், கழுத்தில் கயிற்றில் விசில். கையில் மனு: ஐந்து பத்தி, மூன்று இணைப்பு, ஒரு வரைபடம், பச்சை நாடா.

பத்து மணி ஆயிற்று. யாரும் வரவில்லை.

பத்தரைக்கு மேளக்காரர்கள் வேட்டி நுனியால் விசிறிக்கொண்டார்கள். பதினொன்றுக்கு உயரவாரி வரிசை நிழல்வாரி வரிசையாக மாறியது. பதினொன்றரைக்கு ஒரு பெரியவர் மயங்குவது போல் சாய்ந்தார். (பிறகு விசாரித்ததில் தூங்கியிருக்கிறார்.) பெண்கள் எல்லோருடைய கண்ணும் கிழக்கே கடலை வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கிணற்றுப் பாய்ச்சலில் விளைந்த கடலை அது. முந்தின நாள் பிடுங்கிப் போட்ட செடி வயலிலேயே கிடந்தது. காய் ஆய்ந்தாக வேண்டும். வானம் வேறு லேசாக மூட்டம் போட்டிருந்தது.

என் மனத்தில் ராணுவம் எழுந்து நின்றது. ஆட்களை வெயிலில் காரணமின்றி நிற்க வைக்கும் அதிகாரி அதிகாரியே அல்ல என்று நானே வகுப்பெடுத்திருக்கிறேன். பன்னிரண்டு அடித்ததும் விசிலைக் கையில் எடுத்தேன்.

பெரியகருப்பன் மாமா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, என்ன செய்யப் போறீக?"

"ரெண்டு மணி நேரம் ஆச்சு மாமா. உலகத்துல எந்தப் படையும் இதுக்கு மேல காத்திருக்காது."

"படையாவது பட்டாளமாவது! மந்திரிண்டா அப்படித்தான் மாப்ள. பத்துண்டா மூணுக்கு வாராக, மூணுண்டா வெளக்கு வைக்க வாராக. சனத்த மட்டும் விட்ராதீக. விட்டா புடிக்க முடியாது."

"நேரத்துக்கு வராதவர் வரலைன்னுதான் அர்த்தம்."

"அப்ப நம்ம ஊரு கல்யாணத்துக்கெல்லாம் மாப்பிள்ளையே வந்ததில்ல!"

அச்சில் இல்லாத விதியைச் சொல்ல ஒருவர் முன்வந்தார் என்றேனே, இதுதான் அந்த இடம். நான் கையை விடுவித்துக்கொண்டு மூன்று முறை ஊதினேன்.

ஒத்திகைகளை விடவும் நன்றாகச் செய்தார்கள். இரண்டு நிமிடத்தில் கரையில் ஆள் இல்லை. நாற்காலிகளும் பந்தலும் வாடகை வண்டியில் ஏறின. மாலையை வீணாக்க வேண்டாம் என்று கரையில் இருந்த அய்யனார் கழுத்தில் போட்டார்கள். பெரியகருப்பன் மாமா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ரோட்டு டீக்கடைக்கு நடந்தார்.

இதோடு நான் நின்றிருக்கலாம். ஆனால் கையில் மனு இருந்தது. நேரில் கொடுக்க இயலாத மனுவை அன்றைய தினமே அஞ்சலில் அனுப்ப வேண்டும், இது முறை. பேனாவை எடுத்து, "மாண்புமிகு அமைச்சர் அவர்கள் குறித்த நேரத்தில் வருகை தராத காரணத்தால், இம்மனு பதிவுத் தபாலில் அனுப்பப்படுகிறது" என்று ஒரு முகப்புக் கடிதம் எழுதி இணைத்தேன். உறையில் இட்டு ஒட்டி, சோலைமலையிடம் கொடுத்து, மெயின் ரோட்டுத் தபாலாபீசுக்கு சைக்கிளில் அனுப்பினேன்.

"ரிஜிஸ்தர் போட்டு ரசீதோடதான் திரும்பணும். வழியில எதுக்கும் நிக்கக் கூடாது" என்றேன்.

"நிக்க மாட்டேன் சார்" என்றார் சோலைமலை.

கடமையைச் செய்த நிறைவோடு, கரைக்குக் கீழே இருந்த என் கிணற்றடிக்குப் போனேன். கோட்டையும் பதக்கத்தையும் வேப்பங்கிளையில் மாட்டினேன். பம்புசெட்டைப் போட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கினேன். விசிலை மட்டும் கழற்றவில்லை. பழக்கம்.

தலைக்குச் சோப்புப் போட்டிருக்கும்போது கார் சத்தம் கேட்டது. ஒரு கார் அல்ல. நுரைக்குள்ளிருந்து எண்ணினேன்: ஒன்பது.

நான் கரையேறி ஓடியது எப்படி என்பதைப் பற்றிப் பல வர்ணனைகள் இன்றும் ஊரில் உலவுகின்றன. உண்மை இதுதான்: துண்டு இருந்தது. ஈரமாக இருந்தது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. முதல் காரிலிருந்து வெள்ளை வேட்டி சட்டையில் அமைச்சர் இறங்கி, வெறும் கரையைப் பார்த்தார். பக்கத்தில் கைப்பெட்டியோடு அவருடைய உதவியாளர். அவர்கள் முன்னால் நான், தலையில் நுரையோடு, கழுத்தில் விசிலோடு, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தேன்.

பின்னால் வந்த போலீஸ் ஜீப்பின் படியில் தொற்றிக்கொண்டிருந்த பெரியகருப்பன் மாமா குதித்து ஓடிவந்தார். டீக்கடையில் கார்களைப் பார்த்ததும் ஏறிவிட்டிருக்கிறார். "ஐயா, இவுகதான் எங்க தலைவரு. மேசரு. பட்டாளத்துல பெரிய ஆளு" என்று, நம்பச் சொல்லிக் கெஞ்சுகிற குரலில் அறிமுகம் செய்தார்.

"சனம் எங்கய்யா?" என்றார் அமைச்சர்.

என் கை தானாக விசிலுக்குப் போயிற்று. நீளமாக ஒன்று ஊதினேன். பிறகு, அதைவிடப் பெரிய யோசனையாக, சிறியதாக இரண்டு ஊதினேன்.

ஊரைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு என்ன சொல்லித் தந்தேனோ அதைச் செய்தார்கள். 'கூடு' என்பதற்கு நான் விசில் குறிப்பே வைக்கவில்லை. ஆகவே கரையைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம், கடலை வயலிலும் வரப்பிலும் வாய்க்காலிலும், ஆண்கள் எந்த இடத்தில் இருந்தார்களோ அந்த இடத்தில் விறைத்து நின்றார்கள். ஒருவர் தலையில் புல்லுக்கட்டு. ஒருவர் கையில் பிடித்த மாடு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பெண்கள், உட்கார்ந்தபடியே, நான்கு திசையிலிருந்தும் குலவை போட்டார்கள். ஆள் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது.

அமைச்சர் ஒரு முழுச் சுற்றுத் திரும்பிப் பார்த்தார். "எங்கய்யா சத்தம் வருது?"

"மரியாதைங்கய்யா. தூரத்துல இருந்து" என்றார் மாமா.

அமைச்சர் நல்ல மனிதர். இதை நான் எழுத்தில் பதிவு செய்தாக வேண்டும். சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, "மன்னிக்கணும் மேஜர். வழியில நாலு எடத்துல நிறுத்திட்டாக. அதான் லேட்டாயிருச்சு" என்றார். மாமா அய்யனார் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றிக் கொண்டுவந்து அவருக்குப் போட்டார். கோயில் மரியாதை என்று நினைத்து அமைச்சர் நெகிழ்ந்து கைகூப்பினார். மடையைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். ஒழுகுவதற்குத் தண்ணீரே இல்லாத ஆவணியிலும் அது பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. "கட்டிரலாம்" என்றார். உதவியாளர் கைப்பெட்டியைத் திறந்து பேனாவைக் கொடுத்தார். பச்சை மைப் பேனா. அமைச்சர் மூடியைக் கழற்றினார்.

"மனு எங்க?"

"தபால்ல போட்டாச்சு ஐயா" என்றேன்.

"எப்ப?"

"கால் மணி நேரம் முன்னாடி."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

பேனா அப்படியே நின்றது. மாமா ஜீப்பின் மட்கார்டில் உட்கார்ந்துவிட்டார்.

உதவியாளர் சாமர்த்தியசாலி. "காப்பி வச்சிருப்பீங்களே மேஜர். அதைக் கொண்டுவாங்க, அதுலயே ஐயா எழுதிருவாங்க" என்றார்.

இந்த இடத்தில் சாதாரண மனிதன் என்ன செய்வான்? வீட்டுக்கு ஓடுவான். என் வீடு முந்நூறு அடி தூரம். நகல் மேசை மேலேயே இருந்தது. ஆனால் நான் விதிகள் தெரிந்தவன். "காப்பி இருக்கு சார். ஆனா அது ஆபீஸ் காப்பி. ஆபீஸ் காப்பியில ஆணை எழுதக் கூடாது" என்று விளக்கினேன்.

"மாப்ள..." என்றார் மாமா, ஜீப்பிலிருந்து, மெல்லிய குரலில்.

அமைச்சர் பொறுமை இழக்கவில்லை. "சரி விடுங்க. ஒரு வெள்ளைத் தாள் வாங்கி ரெண்டு வரி எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

அப்போது நான் சொன்னதை இன்றுவரை என் மனைவி வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்வாள். நான் சொன்னேன்: "ஒரே பொருளுக்கு ரெண்டு மனு கொடுக்கிறது முறை இல்லைங்க ஐயா. முதல் மனு வழியில இருக்கு."

அமைச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சோப்பு நுரை என் காதோரம் வழிந்தது. "நீங்க சொல்றதும் சரிதான்" என்றார். பேனாவின் மூடியைத் திருகி மூடினார். "தபால் வரட்டும். பாத்துக்கிடுவோம்." ஒன்பது கார்களும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. தூரத்தில் ஆண்கள் இன்னும் விறைப்பாகவே நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் மூன்று ஊதவில்லையே.

அரைமணி கழித்துச் சோலைமலை ரசீதோடு வந்தார்.

"வழியில கார் எதுவும் பாத்தியா?" என்றேன்.

"ஒம்போது கார் சார். மந்திரி மொதக் கார்ல. என்னப் பாத்துக் கும்பிட்டாக. நானும் கும்பிட்டேன்."

"கையில மனு இருந்துச்சேப்பா!"

"பையில இருந்துச்சு சார். நீங்கதான வழியில எதுக்கும் நிக்கக் கூடாதுண்டீக" என்றார் சோலைமலை. அவரைக் கடிந்துகொள்ள எந்த விதியிலும் இடமில்லை.

அன்று மாலை ஒச்சம்மா ஒரு முறம் கடலையோடு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கடலையை வைத்துவிட்டு, "குலவை கேட்டுச்சா மேசரு?" என்றார். கேட்டது என்றேன். "நல்லவேளை. நாங்களாச்சும் சரியாச் செஞ்சோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

ஐப்பசியில் கண்மாய் பெருகியது. மடை வழக்கம்போல ஒழுகியது. நான் மணல் மூட்டை அடுக்கி, வைக்கோல் பிரி திணித்து, பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குழு என்று முறை வைத்துக் காவல் போட்டேன். அந்த ஒரு வேலைக்கு மட்டும் ராணுவம் உதவியது. பாதித் தண்ணீர் தங்கியது. ஒச்சம்மா வயலில் பாதி நெல், பாதி பதர். "ஒங்க பாதி பதரு" என்று அவர் கணக்குத் தீர்த்தார்.

அடுத்த வருடம் அதே துறைக்கு வேறு அமைச்சர் வந்து, எங்கள் பக்கம் வருவதாகச் செய்தி கிடைத்தது. பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: வரவேற்பைத் துணைத் தலைவர் கவனிப்பார், தலைவர் விசில் கொண்டுவரக் கூடாது. தலைவர் என்ற முறையில் அதில் நானே கையெழுத்திட்டேன்.

காலை ஒன்பது மணிக்கு வருகை என்றார்கள். மாமா யாரையும் வரிசையில் நிறுத்தவில்லை. பெண்கள் கடலைச் செடியைக் கட்டுக்கட்டாகத் தூக்கிவந்து கரையிலேயே குவித்து, மர நிழலில் உட்கார்ந்து காய் ஆய்ந்தார்கள். ஆண்கள் கயிறு திரித்தார்கள். ஆட்டுப் பட்டியும் கரைக்கே வந்துவிட்டது. மதியம் அங்கேயே கஞ்சி. வேலையைக் காத்திருக்கும் இடத்துக்கு எடுத்து வந்துவிட்டால் காத்திருப்பதே இல்லை என்பது, பதிமூன்று வருடச் சேவையில் எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம். அமைச்சர் மாலை ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வந்தார். மாமா ஒரு தாளை நீட்டினார். சோலைமலை எழுதியது. நான்கு வரி. இணைப்பு இல்லை, வரைபடம் இல்லை. பச்சை மை ஓடியது. அதைப் பார்த்த ஒச்சம்மா, கையில் பாதி ஆய்ந்த செடியோடு எழுந்து, முதல் குலவையைப் போட்டார். நான் பின்வரிசையில் வெறுங்கழுத்தோடு நின்றிருந்தேன்.

மறு வருடம் மடை கட்டி முடிந்தது. அந்தத் தையில் கடைசி வயலில் முழு நெல் விளைந்தது. ஒச்சம்மா ஒரு மரக்கால் நெல் அளந்து எங்கள் வீட்டில் வைத்தார். "பதரு இல்ல, பாத்துக்கங்க" என்றார்.

எனக்கு விடுதலை இல்லை. காபி கேட்டால் வசந்தா, "தபால்ல போட்டாச்சு. வழியில இருக்கு" என்பாள். இன்னொரு முறை கேட்டால், "ஒரே பொருளுக்கு ரெண்டு மனுவா?" என்பாள். என் மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் குலவை போடாமல் திரும்பி என்னையே பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியகருப்பன் மாமா மேடைக்குப் பின்னாலிருந்து வாயில் இரண்டு விரலை வைத்து ஊதிய பிறகுதான் மண்டபம் அதிர்ந்தது.

அந்த மனுவை நான் மறந்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். தலைவர் பதவியும் முடிந்து, வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு காலை, தபால்காரர் சைக்கிளை நிறுத்தி ஒரு பழுப்பு உறையைக் கொடுத்தார். வழக்கமாகப் பன்னிரண்டுக்கு மேல் வருகிறவர்.

"என்னப்பா, இவ்வளவு சீக்கிரம்?"

"அதிசயமா இன்னைக்கு பஸ் நேரத்துக்கு வந்துருச்சு சார்" என்றார்.

பிரித்தேன். என் மனுவைப் பார்வையில் குறிப்பிட்டிருந்தார்கள். கள ஆய்வு செய்யப்பட்டதில் மேற்படி கண்மாயின் மடை புத்தம் புதியதாகவும் மிக நல்ல நிலையிலும் இருப்பது தெரியவருவதால், மனுவில் கண்ட புகாரில் உண்மை இல்லை என்று முடிவு செய்யப்பட்டு, மனு நிராகரிக்கப்பட்டிருந்தது. இனிமேல் இதுபோன்ற ஆதாரமற்ற மனுக்களை அனுப்பி அலுவலகத்தின் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கையெழுத்து பச்சை மையில் இருந்தது.

வசந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். படித்துவிட்டு அவள் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள், பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். நானும் திரும்பிப் பார்த்தேன். மனு போட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது. அன்று ஆவணி பன்னிரண்டு. காலை சரியாகப் பத்து மணி.